ஏலத்தில் எடுத்த ஜீப்பும் வெங்காய நிறப் புடவையும்

அருள்,

போன வாரம் போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். "அம்மா செத்த அன்னிக்கு நீங்க ஏதோ நியூஸ் கவர் பண்ண வந்தவரு மாதிரி நின்னுகினு இருந்தீங்கப்பா" என்றாய். பிறகு, "அந்தப் போலீஸ் வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் ஆரணிக்கு வரமாட்டேன். கல்யாணத்த இங்கயே ரெஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கறோம்" என்றாய். நான் "சரி" என்றேன். நீ கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நீ காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். முதலில் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. நீ பார்த்தது அதுதான். இரண்டாவதை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். தை மாதம் நீயும் யமுனாவும் இந்த ஊரில்தான் மாலை மாற்ற வேண்டும், அம்மா சொல்லி நெய்கிற புடவையை அவள் கட்ட வேண்டும் என்பது என் விருப்பம். விருப்பம் என்கிற சொல்லே கொஞ்சம் பெரியதாகத் தெரிகிறது. அம்மா போன பிறகு எனக்கு எதிலும் அப்படி ஒன்று எழவில்லை. இது ஒன்றுதான் மிச்சம்.

அம்மா போன அன்று நான் எப்படி நின்றேன் என்பது எனக்கும் தெரியும். யார் யார் வந்தார்கள், எந்த மாலை யார் போட்டது, ஐஸ் பெட்டியின் ஒயர் எந்த வீட்டு ஜன்னல் வழியாகப் போனது, எல்லாம் இன்னும் சொல்வேன். இத்தனை வருடம் மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்ற பழக்கம். விபத்து, தற்கொலை, தீ என்று எங்கே போனாலும் ஓரமாக நின்று பார்ப்பேன், பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுவேன், வந்துவிடுவேன். அன்று என் வீட்டு வாசலிலும் கால் தானாகப் போய் ஓரத்தில் நின்றது. நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னிடம் வந்திருக்க வேண்டும் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அது தோன்றவே இல்லை. வருத்தத்தை அடக்கிக்கொண்டு நின்றேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடக்குவதற்கு ஒன்றும் மேலே வரவில்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் கன்னத்தைத் தட்டிப் பார்ப்பாரே, அப்படித்தான் இருந்தது. தட்டுவது தெரியும், வலி தெரியாது.

ஜீப் வந்த கதையும் அப்படிப்பட்டதுதான். காவல் துறையில் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்ற அறிவிப்பு, நான் இன்னும் வெளியேறாமல் இருக்கும் நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மைதானத்தில் பைக்குகள், இரண்டு வேன்கள், ஒரு ஜீப். பதினைந்து வருடம் ஆகாததால் உடைப்புக்குப் போகாமல் ஏலத்துக்கு வந்த வண்டி. ஆரணி பக்கம் பல வருடம் ஓடியது. அந்த வண்டியின் பின்னால் நானே டிவிஎஸ்ஸில் போயிருக்கிறேன். விலை கேட்டபோது கை தூக்கினேன். பாலிடெக்னிக் படிக்கும்போது நீ ரெக்கார்டு நோட்டின் பின்பக்கமெல்லாம் ஜீப் படம் வரைந்து வைத்திருந்தாய். அம்மா அதைக் காட்டி, "பாரு, புள்ள படிக்கிற லட்சணத்த" என்பாள். அது நினைவுக்கு வந்ததால்தான் கை தூக்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அப்போது அது நினைவில் இல்லை. கை போனது, அவ்வளவுதான். காகித வேலையெல்லாம் முடிந்து வண்டி கைக்கு வந்தபோதும் அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மேலே சுழல் விளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த எழுத்தையும் உரித்துவிட்டார்கள். ஆனால் சுற்றிலும் பெயின்ட் வெயிலில் வெளிறிப்போய், எழுத்து இருந்த இடம் மட்டும் புதிதாக இருந்தது. அதனால் 'காவல்' என்பதைத் தூரத்திலிருந்தே படிக்கலாம். அந்தக் கோலத்தில்தான் அதை நம் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். மத்தியான வேளை. தெரு முனையில் திரும்பும்போது தறிச் சத்தம் வழக்கம்போல இருந்தது. நாலு வீடு தாண்டுவதற்குள் சத்தம் குறைந்தது. எனக்கு முன்னால் ஒவ்வொரு வீடாகத் தறி நின்றுகொண்டே போனது. நம் வாசலில் வண்டியை நிறுத்தியபோது என் எஞ்சின் சத்தம் மட்டும்தான் தெருவில் இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாததில்லை. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டக்கூடாது. ஜரிகைக் கரை போட்ட பட்டுப் புடவை அந்த ஒதுக்கீட்டில் வருகிறது. நம் தெருவில் பாதி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் ஓட்டுகிறார்கள். எப்போதாவது சோதனைக்கு அதிகாரிகள் வருவார்கள், துணைக்கு இந்த ஜீப் வரும். இதையெல்லாம் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஜீப்புக்கு வெளியே இருந்து எழுதியவன். உள்ளே உட்கார்ந்து வந்தபோது மண்டையில் ஏறவில்லை. எஞ்சினை நிறுத்தக்கூட இல்லை. இறங்கி, கரண்ட் இருக்கிறதா என்று கேட்க, பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் கதவைத் தட்டினேன்.

நம் தெருவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தறிச் சத்தத்தில் தட்டினால் கேட்காது. வெளியில் நின்று அடிவயிற்றிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பால்காரர், சீட்டுக்காரர், சம்பந்தி, எல்லாரும் அப்படித்தான். தட்டுவது வெளியாள், அதிலும் அதிகாரி. நானும் இத்தனை வருடம் "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டவன்தான். அம்மா போன பிறகு குரலை உயர்த்திக் கூப்பிட யாரும் இல்லாமல் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கை தட்டிவிட்டது. உள்ளே யாரோ ஓடும் சத்தம், ஏதோ சாய்ந்து விழும் சத்தம். கதவு திறக்க நேரம் ஆனது. திறந்தபோது ஏகாம்பரம் வேர்த்துப்போய் நின்றார். என்னைப் பார்த்தார், என் தோளுக்கு மேலே ஜீப்பைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நீயா?"

"கரண்ட் போயிடுச்சா ஏகாம்பரம்?"

"கரண்டெல்லாம் இருக்குதுய்யா. எங்க உசிருதான் போச்சு." அப்புறம்தான் அவர் குரல் ஏறியது. "இத்தன வருசமா இந்தத் தெருவுல இருக்கிற ரிப்போர்ட்டர். ஒருநாளாச்சும் எவனாச்சும் கதவத் தட்டிப் பாத்துருக்கியா?"

உள்ளே அவர் வீட்டம்மா சரோஜா தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தறியில் பாவு நூல் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. தட்டும் சத்தம் கேட்டதும் ஏகாம்பரம் பிளேடால் பாவை அறுத்து, நெய்திருந்த துணியை உருவி, அரிசி டிரம்மில் திணித்துவிட்டார். தறியில் துணி இருந்தால்தானே கேஸ். டிரம்மிலிருந்து அவர் எடுத்துக் காட்டியது வெங்காய நிறம், பச்சைக் கரை. பாதி வரை வந்திருந்தது. அது யமுனாவுக்கான கூறைப்புடவை.

அந்த நிறத்தை அம்மா எப்படி எடுத்தாள் என்பது உனக்குத் தெரியாது. நிச்சயம் முடிந்து வந்த மறுநாள் அவளும் சரோஜாவும் சாய நூல் மாதிரிகளை மடியில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். "கூறைக்கு அரக்குதாங்க்கா போடுவாங்க" என்று சரோஜா சொல்ல, அம்மா, "எல்லாரும் அரக்குதான் கட்றாங்க. அந்தப் பொண்ணு மாநிறம். வெங்காயக் கலருதான் அதுக்கு எடுக்கும். அப்புறமும் நாலு விசேசத்துக்குக் கட்டும்" என்றாள். "விசைத்தறி நெசவுன்னு சம்பந்தி வூட்ல சொல்லப்போறாங்க" என்று நான் சொன்னேன். "கட்டறவளுக்கா தெரியப்போவுது, நெய்ஞ்சவனுக்குத்தான் தெரியும். நீங்க பேப்பர்ல போடாம இருந்தா சரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நூல் சாயம் ஏறி வந்தபோது அம்மா இல்லை. ஏகாம்பரம் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பாவு ஏற்றியிருந்தார். அதைத்தான் நான் ஒரு தட்டலில் அறுக்கவைத்தேன்.

சரோஜாவுக்கு அது துணி வீணான கவலை மட்டும் இல்லை. கூறைப்புடவையைப் பாதியில் அறுக்கக்கூடாது என்பது அவர் பிறந்த வீட்டுக் கணக்கு. "பாவு மிச்சம் இருக்குது. அறுந்த இழையெல்லாம் சேத்துப் புணைச்சிட்டா மறுபடி நெய்யலாம். அதுக்கு நாளாவும், பரவால்ல. ஆனா அந்த வண்டிச் சத்தம் இந்தத் தெருவுல கேக்கற வரைக்கும் நான் அந்தக் கலர தறியில ஏத்த வுடமாட்டேண்ணா. இன்னொரு வாட்டி இவுரு பிளேட எடுத்தார்னா அந்தப் பொண்ணு வாழ்க்க என்னா ஆவறது?" என்றார். பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா போனதிலிருந்து தினமும் எனக்கு வந்துகொண்டிருந்த குழம்பும் நின்றது.

வண்டியை விற்றுத் தொலைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். ஏகாம்பரமும் கேட்டார். வீட்டுக்குள் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான். வண்டியிடம் போனால் கை வேலை செய்தது. அதற்கு மேல் காரணம் தெரியவில்லை. பக்கத்துக் காலி மனையில் தார்ப்பாய் கட்டி அதை நிறுத்தினேன். முதலில் நானே ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவந்து எழுத்தின் மேல் பூசினேன். காய்ந்ததும் எழுத்து மேடு தட்டிக்கொண்டு நின்றது. டிங்கரிங் பாஷா பாய் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "போலீசு உள்ள ஒளிஞ்சிகினு இருக்குது சார். மேல பூசினா போயிடுமா? தகடு வரைக்கும் தேச்சாதான் போவும். ஜல்தியா ஆவற வேலை இல்ல இது." நீ குடும்பம் நடத்தப் போகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். எதன் மேலும் பூசாதே. தகடு தெரியும்வரை தேய்க்க நேரம் இல்லையென்றால், அப்படியே பழையபடி விட்டுவிடு. அதுவாவது பார்க்கிறவனுக்கு உண்மையாக இருக்கும்.

தேய்த்தேன். பல நாள். ஒருநாள் பாஷா பாய், "சார், ரத்தம்" என்றார். பானட்டில் கோடு கோடாக இருந்தது. உப்புத்தாள் என் விரல் நுனியைத் தேய்த்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "என்னா பேஜாரு சார் இது, கைய வுட்டுட்டு வண்டியத் தேய்ங்க" என்று சொல்லித் துணியால் கட்டிவிட்டார். கட்டும்போதும் வலிக்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருடைய விரலோ மாதிரி.

வண்டிக்குள் தரைத் தகடு துரு தின்று, மிதித்தால் உள்ளே போனது. அறுத்து எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். கூரையில் சுழல் விளக்கு இருந்த ஓட்டை வழியாக மழை இறங்கி, ஓட்டுநர் இருக்கையின் பஞ்செல்லாம் ஊறிக் கிடந்தது. ஓட்டையை அடைத்தோம். ஜன்னல் கம்பி வலையைக் கழற்றினோம். சைரனுக்குப் போன ஒயர், மைக்குக்குப் போன ஒயர் எல்லாம் தனித்தனியாகப் பிரித்து எடுத்தது நான்தான். பின்னால் எதிரெதிராக இருந்த நீள பெஞ்சுகளை எடுத்துவிட்டு, முன்னால் பார்த்த மாதிரி ஒரு சீட் வைத்து பெல்ட் மாட்டினோம். கீழே ஒரு படி சேர்த்தோம், புடவை கட்டினவர்கள் ஏற வசதியாக. பெஞ்சுக்குக் கீழே தரையில் ஒரு இரும்பு வளையம் பற்றவைத்திருந்தது. விலங்கு மாட்ட. "இருக்கட்டுமா, சாமான் கட்ட ஆவும்" என்றார் பாஷா. அறுக்கச் சொன்னேன். அந்த வளையத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த சிலரை நான் போட்டோ எடுத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் தெரு சமாதானம் ஆகவில்லை. பெயின்ட் உரிந்து வெறும் தகடாக நின்ற வண்டியை ஒரு நாள் கிளப்பினேன். நிற்பது என் வண்டி என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பக்கத்து இரண்டு வீட்டில் தறி நின்றது. ஏகாம்பரம் வெளியில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "தெரியுதுய்யா, நீதான்னு தெரியுது. மூளைக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது, சத்தம் வந்ததும் சுவிட்சுக்குப் போவுது." அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஏலத்தில் என் கை போனது, கதவில் என் கை போனது. பாஷா எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார். "கலர் மாத்தினா போதாது சார். இதோட சத்தமே போலீசு" என்றார். அதன் பிறகு தெருவில் வண்டியைக் கிளப்பவே இல்லை. ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஏகாம்பரம், பாஷா, நான் மூன்று பேரும் மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போவோம். "ஏலம் எடுத்தவனுக்கு வண்டி, பக்கத்து வூட்டுக்காரனுக்கு இடுப்பு வலி" என்று ஏகாம்பரம் தள்ளிக்கொண்டே திட்டுவார். சைலன்சரை மாற்றினோம். ஹாரனை மாற்றினோம். எஞ்சினுக்குக் கீழே தேய்ந்துபோன ரப்பர்களை மாற்றினோம். கண்ணமங்கலம் வரை போய்த் திரும்பி, எங்கே தகரம் அதிர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இறுக்கினோம். ஒரு வண்டியை இவ்வளவு நாள் காது கொடுத்துக் கேட்டது எனக்கு முதல் முறை. அம்மா பேசும்போது நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதும் உனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் மெயின் ரோட்டிலிருந்து தள்ளாமல், ஓட்டிக்கொண்டே தெருவுக்குள் வந்தேன். பாஷா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வீட்டுத் தறி ஓடியது. இரண்டாவது வீட்டிலும் ஓடியது. தறிச் சத்தம் எனக்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருந்தது. என் எஞ்சின் அதற்குள் எங்கேயோ இருந்தது. வாசலில் நிறுத்தி, முதலில் எஞ்சினை அணைத்தேன். ஏகாம்பரம் வீட்டுக்குப் போய் வெளியில் நின்று கூப்பிட்டேன். முதல் தடவை குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை வந்தது. "தெறந்துதான் கெடக்குது, வாய்யா" என்றார் உள்ளேயிருந்து. நான் வண்டியில் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சரோஜா எழுந்து வாசல் வரை வந்து வண்டியைப் பார்த்தார். எஞ்சினை ஒரு தடவை கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இன்று காலையில் புணைத்து வைத்திருந்த பாவில் வெங்காய நிறம் ஓட ஆரம்பித்துவிட்டது. இதை எழுதும்போது அந்தத் தறிதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. மத்தியானம் குழம்பு வந்தது. அறுத்த பாதிப் புடவையையும் தட்டோடு கொடுத்தனுப்பியிருந்தார். அம்மாவின் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குப் பெற்றவன் புத்தி சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யமுனா ஒரு நாள் உன்னைப் பார்த்துப் பயப்படலாம், நீ ஒன்றுமே செய்யாமல் நின்றாலும். எதற்கு என்று கேட்காதே, நான்தானே என்று விளக்கம் சொல்லாதே. முதலில் எஞ்சினை நிறுத்து. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அன்று நான் அதைச் செய்திருந்தால் ஏகாம்பரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருப்பார்.

வண்டி வாசலில்தான் நிற்கிறது. அதை நான் எடுக்கவில்லை. ஆனால் நீ வைத்த நிபந்தனையில் ஒரு தகவல் மாறிவிட்டது. நிற்பது போலீஸ் வண்டி இல்லை, தெருவே அதற்குச் சாட்சி. சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் அடித்திருக்கிறது. என்ன நிறம் என்று பாஷா தினமும் கேட்கிறார், பதிவுச் சான்றிதழிலும் எழுத வேண்டுமாம். எனக்கு எந்த நிறமும் தோன்றவில்லை. நீ வந்து சொன்னால் அதை அடித்துவிடலாம். விரல் நுனியில் புதுத் தோல் வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சோப்புப் போட்டால் எரிகிறது.

எந்த நேரம் வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். கதவு சாத்தியிருந்தால் தட்டாதே. ஏகாம்பரம் தறியை நிறுத்திவிடுவார். வெளியில் நின்று கூப்பிடு, எனக்குக் கேட்கும்.

அப்பா